146 கிலோவிலிருந்து இறங்க எந்த அறுவை சிகிச்சை?

குடியாத்தத்திலிருந்து நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. வயது 36, உயரம் 160 செ.மீ., எடை 146 கிலோ. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். போன வருடம் இன்சுலின் தொடங்கியாயிற்று. இரவில் பலத்த குறட்டை, படுத்தால் நெஞ்செரிச்சல், முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் நீங்களாகவே வாங்கிப் போடும் மாத்திரை. ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. ஒரு மருத்துவர் ஸ்லீவ் என்கிறார், இன்னொருவர் மினி பைபாஸ் என்கிறார், பெங்களூரில் இருக்கும் உறவினர் "இவ்வளவு எடைக்கு டியோடினல் ஸ்விட்ச்தான் சரி" என்கிறார். மூன்றுமே இரைப்பையையோ குடலையோ மாற்றியமைத்து எடை குறைக்கும் அறுவைகள், ஒவ்வொன்றும் என்ன என்பதைக் கீழே விளக்குகிறேன். எதில் அதிகம் குறையும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் "ஒரு தடவைதான் பணம் புரட்ட முடியும்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். எது அதிகம் குறைக்கும் என்பதைவிட, எதை எடுத்தால் பத்து, இருபது வருடம் கழித்தும் வருந்த மாட்டீர்கள் என்பதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் அறுவை சிகிச்சை நிபுணர் இல்லை. வேலூர்ப் பக்கத்தில் பல வருடங்களாகச் சர்க்கரை நோயும் உடல் பருமனும் பார்த்துவரும் பொது மருத்துவர். அறுவைக்கு முன் நோயாளியைத் தயார் செய்து அனுப்புவதும், ஊர் திரும்பியவர்களை ஆண்டுக்கணக்கில் கவனிப்பதும் என் வேலை. அதனால் தையல் நுணுக்கங்களை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அறுவை முடிந்த மூன்றாம் வருடம், ஏழாம் வருடம் மனிதர்கள் எந்தக் குறையோடு வந்து நிற்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். உங்களை நேரில் பரிசோதிக்காமல் இறுதி முடிவு சொல்ல முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண், 57. 50ஐத் தாண்டினால் அதை மருத்துவத்தில் தனி வகையாகவே பார்க்கிறோம். 40 பி.எம்.ஐ. உள்ளவருக்குச் சொல்லும் பதில் உங்களுக்கு அப்படியே பொருந்தாது. பி.எம்.ஐ. 25 என்று வைத்தால் உங்கள் உயரத்துக்கு 64 கிலோ. ஆக 82 கிலோ கூடுதல். இந்த 82 கிலோவும் போய்விடும் என்று யாராவது சொல்லியிருந்தால் தயவுசெய்து அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஸ்லீவில் நீண்ட காலத்தில் மொத்த எடையில் சுமார் கால் பங்கு குறையும் என்று எதிர்பார்க்கலாம். பைபாஸில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, 30 சதவீதத்தை ஒட்டி. உங்களுக்கு அது முறையே 110 கிலோ, 102 கிலோ என்று வரும். டியோடினல் ஸ்விட்ச் இவற்றைவிட அதிகம் குறைக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. பி.எம்.ஐ. 50 முதல் 60 வரை உள்ளவர்களை மட்டும் எடுத்து நார்வேயிலும் ஸ்வீடனிலும் பைபாஸையும் ஸ்விட்சையும் ஒப்பிட்டார்கள். ஐந்தாண்டு முடிவு 2015இல் வெளியானது. பைபாஸில் பி.எம்.ஐ. சராசரியாக 13.6 குறைந்தது, ஸ்விட்சில் 22.1 குறைந்தது. உங்கள் உயரத்துக்கு மாற்றினால் ஏறக்குறைய 35 கிலோ, 57 கிலோ. உங்கள் உறவினர் சொல்வது வெறும் பேச்சு இல்லை. ஆனால் அதே ஆய்வில் ஸ்விட்ச் செய்துகொண்டவர்களுக்குச் சத்துக் குறைபாடுகளும், திரும்ப மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையும், மறு அறுவையும் தெளிவாக அதிகம். இந்த இரண்டாம் பாதியை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது.

இனி ஒவ்வொன்றாக. ஸ்லீவ் என்பது இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் போல விடுவது. குடலில் கை வைப்பதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுக்கும் பகுதியில் சுரப்பதால் பசியும் குறைகிறது. வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. சத்துக் குறைபாடு மற்றவற்றைவிடக் குறைவு, அறுவை நேரமும் குறைவு. இதன் பெரிய குறை நெஞ்செரிச்சல். குறுகலான குழாய்க்குள் அழுத்தம் கூடுவதால் அமிலம் மேலே ஏறுகிறது. பின்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் ஒப்பிட்ட ஆய்வின் பத்தாண்டு முடிவு 2022இல் வந்தது. எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய்ப் புண் தெரிந்தவர்கள் ஸ்லீவில் 31 சதவீதம், பைபாஸில் 7 சதவீதம். உங்களுக்கு இப்போதே படுத்தால் எரிகிறது. ஸ்லீவ் சொன்ன மருத்துவர் எண்டோஸ்கோபி செய்து பார்த்துவிட்டுச் சொன்னாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. அதைப் பார்க்காமல் ஸ்லீவ் என்று முடிவு செய்வதை என்னால் ஏற்க முடியாது.

பைபாஸில் இரைப்பையின் மேற்புறத்தில் முட்டையைவிடச் சிறிய ஒரு பை மட்டும் பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் கீழ்ப்பகுதி அதோடு இணைக்கப்படுகிறது. மிச்ச இரைப்பை உள்ளேயே இருக்கும், ஆனால் உணவு அதன் வழியே போகாது. அமிலம் மேலேறும் தொல்லைக்கு இதுவே நல்ல தீர்வு, சர்க்கரையும் நன்றாக இறங்கும். 1960களிலிருந்து வளர்ந்துவந்த முறை என்பதால் இதன் நன்மை தீமைகள் நமக்கு நன்றாகத் தெரியும். மினி பைபாஸில், வழக்கமான பைபாஸில் போடும் இரண்டு குடல் இணைப்புக்குப் பதில் ஒன்றே. அறுவை எளிது, எடை குறைவதும் பைபாஸுக்கு நிகர் அல்லது சற்று மேல். நம் நாட்டில் நிறையச் செய்கிறார்கள். ஆனால் அதில் பித்தநீர் இரைப்பைப் பைக்குள் ஏறும் வாய்ப்பு உண்டு. குடலை எவ்வளவு தூரம் தாண்டி இணைக்கிறார்கள் என்பதும் முக்கியம்: பிரான்சில் 2019இல் வெளியான ஆய்வில் மினி பைபாஸில் 200 செ.மீ. குடலைத் தாண்டி இணைக்கப்பட்டவர்களுக்குச் சத்துக் குறைபாடு வழக்கமான பைபாஸைவிட அதிகமாக வந்தது. எடை அதிகம் என்பதால் குடலை இன்னும் நீளமாகத் தாண்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், எத்தனை சென்டிமீட்டர், மீதி எவ்வளவு விடுகிறீர்கள் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

எந்த பைபாஸ் ஆனாலும் முழங்காலுக்குப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகளை அன்றோடு விட வேண்டும். இணைப்பு இருக்கும் இடத்தில் புண் வந்து ரத்தம் கசியும், சில சமயம் ஓட்டையே விழும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டே ஆக வேண்டும். "எப்போதாவது ஒன்று போட்டால் என்ன" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: பைபாஸ் வேண்டுமானால் அந்த ஒன்றும் கூடாது.

டியோடினல் ஸ்விட்ச் ஸ்லீவையும் குடலின் பெரும்பகுதியைத் தாண்டுவதையும் சேர்த்துச் செய்வது. ஒரே இணைப்போடு அதைச் சுருக்கிய வடிவம் 2007 முதல் வந்திருக்கிறது. அதன் இருபதாண்டு விளைவுகள் இன்னும் யாருக்கும் தெரியாது. இவற்றில் கொழுப்பு சரியாக உறிஞ்சப்படாது. அதோடு ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கழிந்துபோகும். புரதமும் குறையும். தினமும் கைநிறைய மாத்திரை, மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, சாப்பாட்டில் மற்ற எவரையும்விட அதிகப் புரதம், இவ்வளவும் வாழ்நாள் முழுவதும். வைட்டமின் ஏ குறைந்து மாலையில் கண் மங்கி வருபவர்களும், கால் வீங்கி வருபவர்களும் பெரும்பாலும் அறுவை சரியாகச் செய்யப்பட்டவர்களே. மாத்திரை வாங்கும் பணம் ஒரு மழைக்காலத்தில் வேறு செலவுக்குப் போயிருக்கும், அல்லது பரிசோதனைக்குச் சென்னைக்குப் போக லீவு கிடைத்திருக்காது. ஸ்விட்சுக்கு நான் எதிரி அல்ல. வேலையும் வருமானமும் நிலையாக இருந்து, செய்த குழுவே பக்கத்தில் இருந்து, சொன்ன தேதிக்குப் போய் நிற்கிற மனிதருக்கு அது நல்ல அறுவை. ஒரு தடவைதான் பணம் புரட்ட முடியும் என்கிற வீட்டில் முதல் தேர்வாக அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அங்கே பணம் ஒரு தடவையோடு முடிவதில்லை.

அப்படியானால் உங்களுக்கு எது? எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயில் புண்ணோ, பெரிய ஹெர்னியாவோ (இரைப்பையின் மேற்பகுதி நெஞ்சுக்குள் ஏறியிருப்பது) இருந்தால் வழக்கமான இரண்டு இணைப்பு பைபாஸ்தான் என் முதல் தேர்வு. சர்க்கரை, இன்சுலின் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் தராசு அந்தப் பக்கமே சாய்கிறது. எண்டோஸ்கோபி சுத்தமாக இருந்து, எரிச்சல் மருந்தில் முழுதும் அடங்குமானால் ஸ்லீவ் முதல் படியாக ஏற்கத்தக்கது. ஸ்லீவ் தோன்றியதே அப்படித்தான்: மிகக் கனமானவர்களுக்கு ஸ்விட்சை ஒரே நாளில் செய்வது ஆபத்து என்று அதன் முதல் பாதியை மட்டும் முன்னால் செய்தார்கள். ஒன்றரை, இரண்டு வருடம் கழித்துத் தேவைப்பட்டால் அடுத்த படி ஏறலாம். பலருக்கு அது தேவைப்படுவதில்லை. பைபாஸிலிருந்து ஸ்விட்சுக்கு மாறுவதோ கடினம், அதைச் செய்பவர்களும் குறைவு. இது ஸ்லீவின் பக்கம் நிற்கும் நியாயம், மறைக்கக் கூடாது. மினி பைபாஸை உங்களுக்கு மூன்றாவதாக வைக்கிறேன், இரவு எரிச்சல்தான் காரணம். இந்த வரிசை என் கருத்து. அனுபவமுள்ள நிபுணர் உங்கள் வயிற்றைப் பார்த்துவிட்டு மாற்றிச் சொன்னால், காரணத்தைக் கேட்டுக்கொண்டு அவர் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை பற்றி ஒரு எச்சரிக்கை. வெட்டிய மறுநாளே சர்க்கரை போய்விடும் என்பது எல்லோருக்கும் பொருந்தாது. நோய் வந்து வருடங்கள் ஆக ஆக, இன்சுலின் தொடங்கிய பிறகு, முழுதாக விலகும் வாய்ப்பு குறைகிறது. உங்களுக்கு மருந்து வெகுவாகக் குறையும் என்று உறுதியாகச் சொல்லலாம், நின்றே போகும் என்று சொல்ல முடியாது. குறைவதும் சில நாட்களிலேயே நடக்கும்; பழைய அளவு இன்சுலினையும் கிளிமிபிரைடு மாத்திரையையும் தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். அறுவைக்கு முன் கல்லீரலைச் சுருக்க இரண்டு மூன்று வாரம் குறைந்த கலோரி உணவு தருவார்கள். டபாகுளிஃப்ளோசின் போன்ற, சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை போடுகிறீர்கள் என்றால் அந்த உணவைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி நிறுத்துங்கள். சர்க்கரை அளவு இயல்பாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து அதில் உண்டு.

2024இல் சென்னையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு அறுவைக்குப் போன இளைஞர் இறந்த செய்தி வந்தபிறகு என்னிடம் எல்லோரும் கேட்பது ஆபத்தைப் பற்றித்தான். அமெரிக்காவில் பல மருத்துவமனைகளைச் சேர்த்து நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். பி.எம்.ஐ. கூடும்போது ஆபத்தும் கூடும். உங்களுக்கு அந்தச் சராசரியைவிட அதிகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறுவை இல்லாமல் இதே எடையில் இருப்பதும் ஆபத்தே: ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு மற்றவர்களைவிடக் குறைவு என்று 2007இல் காட்டினார்கள். ஆபத்தைக் குறைப்பதில் உங்கள் பங்கு பெரிது. குறட்டைக்கு உறக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தூக்கத்தில் மூச்சு நிற்பது தெரிந்தால் அறுவைக்குச் சில வாரம் முன்பிருந்தே இரவில் காற்றழுத்தக் கருவி மாட்டிப் பழக வேண்டும். அறுவைக்கு முன்பு பத்து கிலோ இறங்கினாலே மயக்க மருந்து கொடுப்பவருக்கும் அறுவை செய்பவருக்கும் பெரிய உதவி.

வீடு திரும்பிய பிறகு நடப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நம் ஊரில் தவறு நேர்வது அங்கேதான். வாந்தி நிற்காமல் சில நாள் தொடர்ந்தால் உடம்பில் தயாமின் என்ற பி1 வைட்டமின் வேகமாகத் தீர்ந்துவிடும். பக்கத்துத் தெரு கிளினிக்கில் "சோர்வாக இருக்கிறீர்கள்" என்று நேராக குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவார்கள். தயாமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் இருக்கிற கொஞ்சமும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம்: கண் தடுமாறும், நடை தள்ளாடும், மனம் குழம்பும், சிலருக்கு நினைவாற்றல் திரும்பாமலே போய்விடும். உங்கள் கணவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: அறுவையான விவரத்தைச் சொல்லி, முதலில் தயாமின் ஊசி, அதன்பிறகே குளுக்கோஸ் என்று கேட்க வேண்டும். அடுத்தது, பைபாஸ் ஆன சில மாதங்களோ வருடங்களோ கழித்துச் சாப்பிட்டவுடன் மேல்வயிற்றில் பிடித்திழுக்கும் வலி வந்துவந்து போனால் அதை "கேஸ்" என்று விடக் கூடாது. எடை இறங்கியதால் உள்ளே உண்டான இடைவெளியில் குடல் நுழைந்து சிக்கியிருக்கலாம். சி.டி. ஸ்கேனும், பைபாஸ் தெரிந்த அறுவை நிபுணரின் கண்ணும் அன்றைக்கே வேண்டும். முதல் இரண்டு வாரத்தில் காரணமில்லாமல் நாடித்துடிப்பு 120ஐத் தாண்டினாலும், இடது தோளில் வலி, காய்ச்சல், மூச்சு வாங்குதல் வந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். தையல் கசிவோ, நுரையீரலில் ரத்தக்கட்டியோ இருக்கலாம்.

தண்ணீரும் அப்படித்தான். முதல் சில மாதம் மடக் மடக்கென்று குடிக்க முடியாது, வாய் வாயாக நாள் முழுதும் பருக வேண்டும். வேலூர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் அந்த அளவு போதாமல் சிறுநீரகம் கெட்டு வருபவர்கள் உண்டு. அவசரம் இல்லையென்றால் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா கழிந்து, வெயில் தணிந்த பிறகு தேதி வாங்குங்கள். தயாரிப்புக்கும் நேரம் கிடைக்கும்.

சாப்பாட்டில் முதலிடம் புரதத்துக்கு, நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் என்றால் எவ்வளவு கவனம் வேண்டும் என்று புரியும். முட்டை, மீன், கோழி, தயிர், பனீர், பயறு வகைகள் முதலில். களியும் சோறும் பிறகு, வயிற்றில் இடம் இருந்தால். கேழ்வரகு நல்லது என்று அறுவைக்குப் பிறகு களியை மட்டும் உண்டு முடி கொட்டி வருகிறார்கள். கேழ்வரகில் குறை இல்லை, சிறிய வயிற்றை அது அடைத்துவிடுகிறது. பைபாஸுக்குப் பிறகு ஆற்காட்டு மக்கன் பேடா போன்ற பாகு இனிப்பு ஒன்று சாப்பிட்டாலே படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். ஆம்பூர் பிரியாணியை வாழ்நாளுக்கும் விலக்க வேண்டியதில்லை. ஒரு வருடம் கழித்து, கறியை முதலில் தின்று, சோற்றை இரண்டு கரண்டியில் நிறுத்தக் கற்றுக்கொண்டவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள்.

இன்னொரு குழந்தை பற்றி: அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் கருத்தரிக்கக் கூடாது. எடை இறங்கும்போது மாதவிலக்கு சீராகி எதிர்பாராமல் கரு தங்குவது சகஜம். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது. காப்பர் டி போன்றதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சை நான் பின்னால் தள்ளுவதற்கு இந்த ஆசையும் ஒரு காரணம், சத்துக் குறைபாட்டோடு கர்ப்பம் தரிப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லதல்ல.

2025இல் நம் நாட்டுக்கு வந்த எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவற்றில் ஒன்றான டிர்செபடைடு பற்றிய ஆய்வில், அதிக அளவு மருந்து போட்டவர்களுக்கு 72 வாரத்தில் சுமார் 20 சதவீதம் எடை குறைந்தது. உங்களுக்கு 29 கிலோ ஆகும். நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்புகிறது, மாதாமாதம் செலவு. உங்கள் எடைக்கு அறுவைக்குப் பதிலாக அதை நான் சொல்ல மாட்டேன். அறுவைக்கு முன் எடையை இறக்கவும், பின்னாளில் திரும்ப ஏறும்போது தடுக்கவும் பயன்படலாம். அறுவையோடு சேர்த்து எப்படிக் கொடுப்பது சிறந்தது என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை.

பணத்துக்கு வருவோம். மருத்துவக் காப்பீடு இருந்தால், பி.எம்.ஐ. 40க்கு மேல் இருப்பவர்களுக்கு, அல்லது 35க்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான உறக்க மூச்சுத் தடை போன்ற நோய் உள்ளவர்களுக்கு இந்த அறுவையைப் பொதுவிலக்கில் (காப்பீடு பணம் தராத சிகிச்சைகளின் பட்டியலில்) சேர்க்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி இருக்கிறது. காத்திருப்புக் காலம் தனி. நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள், வாய் வார்த்தை போதாது. செலவுக் கணக்கில் அறுவைக் கட்டணத்தோடு ஐந்து வருட மாத்திரை, ரத்தப் பரிசோதனைச் செலவையும் சேர்த்து எழுதுங்கள்.

நிபுணரிடம் போகும்போது இவற்றைக் கேளுங்கள்: பி.எம்.ஐ. 50க்கு மேல் உள்ளவர்களுக்கு வருடத்தில் எத்தனை அறுவை செய்கிறீர்கள், கசிவு வந்தால் இரவில் யார் பார்ப்பார்கள், தீவிர சிகிச்சைப் பிரிவு இதே கட்டடத்தில் இருக்கிறதா, உணவு ஆலோசகர் யார், ஐந்தாம் வருடம் உங்களிடம் எத்தனை பேர் திரும்ப வருகிறார்கள். கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம். ஒரே விலையில் சென்னையிலும் வேலூரிலும் கிடைத்தால் வேலூரையே எடுங்கள். இரவு இரண்டு மணிக்கு வயிறு வலித்தால் குடியாத்தத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடம் வேண்டும்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியவை: எண்டோஸ்கோபி, அதிலேயே ஹெச். பைலோரி கிருமிப் பரிசோதனை, உறக்கப் பரிசோதனை, மூன்று மாதச் சர்க்கரை அளவு, இரும்பு, பி12, வைட்டமின் டி. முழங்கால் மாத்திரையை இன்றே நிறுத்தி, மருத்துவரிடம் கேட்டு பாராசிட்டமாலுக்கு மாறுங்கள். எண்டோஸ்கோபி முடிவு வந்ததும் இங்கேயே எழுதுங்கள். மேலே சொன்ன வரிசையை அதை வைத்துத் திரும்பப் பார்க்கலாம்.